ஒரே சீட்டு, இரண்டு கணக்கு: போக்கரில் கேஷ் கேமும் டோர்னமென்ட்டும்

என் அக்காள் மகன் கல்லூரி விடுதியில் போக்கர் கற்றுக்கொண்டவன். அங்கே அவர்களுக்குள் ஒரு கணக்கு: பத்துச் சில்லுக்கு ஒரு டீ. இரவு ஆட்டம் முடிந்ததும் சில்லுகளை எண்ணி, யார் யாருக்கு எத்தனை டீ வாங்கித் தர வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள். மூன்று மாதத்தில் அந்த நோட்டில் பாதிப் பேர் அவனுக்குக் கடன்பட்டிருந்தார்கள். அந்தத் தைரியத்தில் நாற்பது பேர் கலந்துகொண்ட ஒரு டோர்னமென்ட்டில் போய் உட்கார்ந்தான். முதல் மூன்று இடங்களுக்குத்தான் பரிசு. அவன் நான்காவது இடத்தில் வெளியே வந்தான். கையில் இரண்டு ராணிகள் இருந்தன. எதிரில் இருந்தவர் தன் சில்லு மொத்தத்தையும் நடுவில் தள்ள, இவனும் தள்ளினான். அவரிடம் ஏஸும் ராஜாவும். கடைசிச் சீட்டாக ஒரு ராஜா விழுந்தது.

"மாமா, எனக்குத்தானே வாய்ப்பு அதிகம்? நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டான்.

வாய்ப்பு அவனுக்குத்தான் அதிகம். டீ நோட்டின் கணக்குப்படி அவன் செய்தது முழுக்கச் சரி. ஆனால் அந்த மேசையில், எதிராளியிடம் ஏஸும் ராஜாவும்தான் இருக்கின்றன என்று முன்கூட்டியே யாராவது காதில் சொல்லியிருந்தால், அவன் அந்த ராணிகளைக் கவிழ்த்திருக்க வேண்டும். இது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால் கேஷ் கேமுக்கும் டோர்னமென்ட்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

புதியவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது டெக்ஸாஸ் ஹோல்டம் என்ற வகையைப் பற்றி. ஆளுக்கு இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஏழில் சிறந்த ஐந்தை வைத்து வெற்றி முடிவாகும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், பிறர் கட்டியதை ஏற்கலாம், உயர்த்தலாம், வேண்டாம் என்றால் சீட்டைக் கவிழ்த்துவிடலாம். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய தொகைக்கு பிளைண்ட் என்று பெயர். ஒருவர் சின்ன பிளைண்ட், அடுத்தவர் பெரிய பிளைண்ட். இந்த முறை மேசையைச் சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் வரும். பெரிய பிளைண்ட் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போக்கரில் ஒருவருடைய இருப்பை அளக்கும் படி அதுதான். "என்னிடம் ஐயாயிரம் சில்லு இருக்கிறது" என்பதில் ஒரு செய்தியும் இல்லை. "பத்து பிளைண்ட் இருக்கிறது" என்றால்தான் நிலைமை விளங்கும்.

கேஷ் கேமில் சில்லு என்பது பணமேதான். லாஸ் வேகாஸில் 1-2 டாலர் மேசையில் 200 டாலர் கொடுத்து அமர்ந்தால் உங்கள் முன்னால் 200 டாலர் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்ப் பணமாக மாற்றிக்கொள்ளலாம். தோற்றால் மறுபடி வாங்கி அமரலாம். பிளைண்ட் விடியும் வரை 1-2 ஆகவே இருக்கும். ஜெயித்த ஒரு டாலரும் தோற்ற ஒரு டாலரும் ஒரே எடை.

டோர்னமென்ட்டில் அப்படி இல்லை. லாஸ் வேகாஸில் 1970 முதல் நடந்துவரும் உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை எடுத்துக்கொள்வோம். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். கட்டினால் 60,000 சில்லுகள் தருவார்கள். அந்தச் சில்லுகளைக் கொண்டுபோய் எந்தக் கவுன்டரிலும் பணமாக மாற்ற முடியாது. அவை தீரும்வரை ஆடலாம், தீர்ந்தால் வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். 2024இல் அந்தப் போட்டியில் 10,112 பேர் ஆடினார்கள். எல்லோரையும் வீழ்த்தி அறுபது கோடிக்கும் மேற்பட்ட சில்லுகளையும் கடைசியில் தன் முன்னால் குவித்தவர் ஜொனாதன் டமாயோ. அவருக்குக் கிடைத்தது ஒரு கோடி டாலர். மொத்தப் பரிசுத் தொகையோ 9.4 கோடி டாலர். உலகத்துச் சில்லு எல்லாம் ஒருவர் கையில் இருந்தும் பணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அவருக்கு. மீதி, முன்பே தோற்றுப் போனவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

இதை நின்று யோசிக்க வேண்டும். சில்லுகளை இழந்தவர்களும் பணம் வாங்குகிறார்கள் என்றால், சில்லும் பணமும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்கவில்லை என்று பொருள். நீங்கள் புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு சில்லும் ஏற்கெனவே கையில் இருக்கும் சில்லைவிட மதிப்புக் குறைந்தது. டோர்னமென்ட் உத்திகள் என்று சொல்லப்படுவதில் பாதி இந்த ஒரு வரியிலிருந்து பிறப்பவை.

எண்களை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பத்துப் பேர் ஆளுக்குப் பத்து டாலர் போட்டு ஒரு சிறிய டோர்னமென்ட் ஆடுகிறார்கள். ஆளுக்கு 2,000 சில்லு. பரிசு முதல் இடத்துக்கு 50 டாலர், இரண்டாம் இடத்துக்கு 30, மூன்றாம் இடத்துக்கு 20. ஆறு பேர் வெளியேறி நால்வர் மிஞ்சியிருக்கிறார்கள். நால்வரிடமும் சரியாக ஐயாயிரம் ஐயாயிரம். எல்லோரும் சமம் என்பதால் ஒவ்வொருவருடைய பங்கும் இந்த நொடியில் 25 டாலர் மதிப்புள்ளது.

இப்போது இருவர் மோதுகிறார்கள். ஒருவர் வெளியே, இன்னொருவரிடம் பத்தாயிரம். சில்லு இரட்டிப்பானது. மதிப்பும் இரட்டித்து 50 டாலர் ஆயிற்றா? அவர் முதலிடம் பிடிக்க வாய்ப்பு சரிபாதி. இரண்டாம் இடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, மூன்றாம் இடத்துக்கு ஆறில் ஒரு பங்கு. பரிசுகளை அந்த விகிதத்தில் பெருக்கிக் கூட்டினால் 25, 10, 3.33. ஆக மொத்தம் 38 டாலர் 33 சென்ட். தோற்றிருந்தால் இழந்திருப்பது முழு 25 டாலர். ஜெயித்ததில் கூடியது 13.33 மட்டும். மிச்சம் எங்கே போயிற்று என்றால், சீட்டைத் தொடாமல் வேடிக்கை பார்த்த மற்ற இருவரிடம். அவர்களுடைய பங்கு ஆளுக்கு 25 டாலரிலிருந்து 30.83 ஆக உயர்ந்துவிட்டது.

ஆகவே இந்த மோதலை ஏற்க, ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல் என்பது போதாது. 25ஐ 38.33ஆல் வகுத்தால் 65 சதவீதம் வருகிறது. ராணி ஜோடி ஏஸ்-ராஜாவை வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 57 சதவீதம். கேஷ் கேமில் நூறு நூறு டாலராக இந்த மோதல் நடந்தால் சராசரியாக 14 டாலர் லாபம். கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாம். இங்கே 38.33இல் 57 சதவீதம் என்பது 22 டாலருக்கும் கீழே. கவிழ்த்துவிட்டால் 25 டாலர் அப்படியே இருக்கிறது. என் அக்காள் மகன் தவறவிட்ட கணக்கு இதுதான்.

எதிராளியின் சீட்டு நிஜத்தில் நமக்குத் தெரியாது. எது வந்தாலும் தள்ளிவிடும் ஆள் அவர் என்றால், கண்டபடி கிடைக்கும் இரண்டு சீட்டுகளை ராணி ஜோடி 80 சதவீதம் வெல்லும். அப்போது தாராளமாக ஏற்கலாம். எண்ணி எண்ணி ஆடும் ஆள் முழுவதையும் தள்ளினால் அது வேறு. அதனால் அவன் ராணியை ஏற்றதற்காக நான் அவனைக் குறை சொல்லவில்லை. 65 என்ற எண் தன் முன்னால் இருந்ததே அவனுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சில்லைப் பணமாக மாற்றும் இந்தக் கணக்குக்கு ஐசிஎம் என்று பெயர். இது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. 1973இல் டேவிட் ஹார்வில் என்பவர், ஒவ்வொரு குதிரையும் முதலில் வரும் வாய்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வரும் வாய்ப்புகளைக் கணக்கிட ஒரு வழி சொன்னார். 1987இல் மேசன் மால்முத் அதைப் போக்கர் மேசைக்குக் கொண்டுவந்தார். குதிரை முதலில் வரும் வாய்ப்புக்குப் பதில் ஆட்டக்காரரின் சில்லுப் பங்கு. ஆடும்போது இதை யாரும் மனக்கணக்காகப் போட்டு முடிப்பதில்லை. வீட்டில் அமர்ந்து பத்து இருபது நிலைமைகளுக்குப் போட்டுப் பார்த்தால், எந்த இடத்தில் எவ்வளவு கூடுதல் வாய்ப்பு வேண்டும் என்பது கைக்குப் பழகிவிடும்.

பரிசுக்கு ஓரிரு இடம் முன்னால் இருக்கும் அந்தக் கட்டத்தை ஆட்டக்காரர்கள் பப்பிள் என்பார்கள். உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குத்தான் பரிசு. அந்த எல்லை நெருங்கியதும் எல்லா மேசைகளிலும் ஒரே நேரத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஆடி, எல்லோரும் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு அடுத்தது என்று நடத்துவார்கள். இல்லாவிட்டால் சிலர் வேண்டுமென்றே மெதுவாக ஆடி, வேறு மேசையில் யாராவது வெளியேறட்டும் என்று காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அதிக நெருக்கடி யாருக்கு என்று கேட்டால் புதியவர்கள் குறைந்த சில்லுக்காரரைக் காட்டுவார்கள். உண்மையில் நடுத்தரக் குவியல் வைத்திருப்பவருக்குத்தான் நெருக்கடி. குறைந்த சில்லுக்காரருக்கு இழக்க அதிகம் இல்லை. நடுவில் இருப்பவரோ சும்மா இருந்தாலே பரிசுக்குள் போய்விடுவார். பெரிய குவியல்காரரோடு மோதினால் எல்லாம் போகலாம். இதைத் தெரிந்த பெரிய குவியல்காரர் ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தயத்தை உயர்த்திக்கொண்டே இருப்பார். அவர் கையில் நல்ல சீட்டு வேண்டும் என்பதே இல்லை. முதலில் தள்ளுபவர் மற்றவர் கவிழ்ப்பதாலும் ஜெயிக்கலாம். ஏற்பவரோ சீட்டைக் காட்டித்தான் ஜெயிக்க வேண்டும். டோர்னமென்ட்டில் தள்ளுவதற்குப் போதுமான பல சீட்டுகள் ஏற்பதற்குப் போதாமல் போவது இதனால்தான்.

கையில் மிஞ்சியிருக்கும் கடைசிச் சில்லுக்கு என்ன மதிப்பு என்பதற்கு 1982 உலகத் தொடரைச் சொல்வார்கள். ஜாக் ஸ்ட்ராஸ் எல்லாவற்றையும் இழந்துவிட்டதாக நினைத்து எழுந்தபோது, மேசையில் ஒரே ஒரு சில்லு கண்ணில் படாமல் மிஞ்சியிருந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அந்தச் சில்லோடு மீண்டும் அமர்ந்தவர் கடைசியில் அந்தப் போட்டியையே வென்றார். கேஷ் கேமில் அந்த ஒரு சில்லு அதன் மேல் எழுதியிருக்கும் தொகைதான். டோர்னமென்ட்டில் அது இன்னும் ஆட்டத்தில் இருக்கும் உரிமை.

பாதி உத்தி பரிசுப் பங்கீட்டிலிருந்து வருகிறது என்றேன். இன்னொரு பாதி பிளைண்டிலிருந்து வருகிறது. டோர்னமென்ட்டில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பிளைண்ட் உயர்ந்துகொண்டே போகும். உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறிய போட்டிகளில் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை. போதாததற்கு ஆன்ட்டி என்று இன்னொரு கட்டாயத் தொகையும் சேரும். நீங்கள் ஒரு சில்லைக்கூட இழக்காமல் காத்திருந்தாலும் உங்கள் இருப்பு பிளைண்ட் கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும்.

பிளைண்ட் 500-1,000, மேசைக்கு மொத்தமாக ஆன்ட்டி ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். சீட்டைப் பிரிக்கும் முன்பே நடுவில் 2,500 சில்லு கிடக்கிறது. உங்களிடம் பத்தாயிரம், அதாவது பத்து பிளைண்ட். மேசையை ஒருமுறை சுற்றி வருவதற்குள் 2,500 போய்விடும். நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தால் நான்கே சுற்றில் வெறுங்கை. அதே 2,500ஐ யாரும் எதிர்க்காமல் ஒருமுறை எடுத்துவிட்டால் உங்கள் இருப்பு ஒரே அடியில் கால்பங்கு வளரும். கேஷ் கேமில் 200 டாலரோடு அமர்ந்து, நடுவில் கிடக்கும் மூன்று டாலரை அப்படி எடுத்தால் வளர்வது ஒன்றரை சதவீதம். கேஷ் கேமில் பொறுமையாகக் காத்திருந்து சம்பாதித்தவர் டோர்னமென்ட்டின் பிற்பகுதியில் அதே பொறுமையால் அழிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பத்து பிளைண்ட் அளவுக்கு வந்துவிட்டால் தேர்வு பெரும்பாலும் இரண்டுதான்: மொத்தத்தையும் தள்ளு, அல்லது கவிழ்த்துவிடு. ஏற்றுப் பார்ப்போம், பொதுச் சீட்டு என்ன வருகிறது என்று பார்ப்போம் என்பதற்கு அங்கே இடமில்லை.

சிறிய ஜோடிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கையில் இரண்டு ஐந்துகள். முதல் மூன்று பொதுச் சீட்டுகளில் இன்னொரு ஐந்து வந்து மூன்றாகும் வாய்ப்பு ஏறக்குறைய 12 சதவீதம், எட்டு தடவைக்கு ஒருமுறை. 1-2 டாலர் மேசையில் ஒருவர் ஆறு டாலராக உயர்த்த, இருவரிடமும் இருநூறு டாலர் இருந்தால், ஆறைக் கொடுத்துப் பார்ப்பது நல்ல முதலீடு. ஏழு முறை ஆறு ஆறாக விட்டாலும், எட்டாவது முறை அவருடைய குவியலில் பெரும்பகுதியைப் பிடுங்க வாய்ப்பு இருக்கிறது. இருவரிடமும் பதினைந்து பிளைண்ட் மட்டும் இருக்கும் டோர்னமென்ட்டில் அப்படிப் பிடுங்க எதிராளியிடம் சரக்கு இல்லை. விட்டதை மீட்கவே முடியாது. அங்கே அந்த இரண்டு ஐந்துகள், முன்னால் யாரும் உயர்த்தாதபோது முதல் ஆளாகத் தள்ளுவதற்குப் பயன்படும் சீட்டு. பின்னால் ஏற்பதற்கானது அல்ல.

ஒற்றை ஜோடிக்கு இது தலைகீழாகும். உங்களிடம் ஏஸ்-ராணி, நடுவில் ராணி, ஏழு, இரண்டு. பதினைந்து பிளைண்டோடு இருந்தால் எல்லாவற்றையும் வைத்துவிடலாம், தயங்க வேண்டியதில்லை. கேஷ் கேமில் இருநூறு பிளைண்ட் ஆழத்தில், எதிராளி மூன்று கட்டங்களிலும் பந்தயத்தைப் பெருக்கிக்கொண்டே போகிறார் என்றால் அந்த ராணி ஜோடி பெரும்பாலும் தோற்ற கை. டோர்னமென்ட்டிலிருந்து கேஷ் கேமுக்கு வருபவர்கள் பணத்தைத் தொலைப்பது இங்கேதான். குறைந்த இருப்பில் ஒற்றை ஜோடியைக் கொண்டாடிப் பழகிய கை, ஆழமான இருப்பிலும் அதையே கொண்டாடுகிறது. கேஷ் கேமின் உண்மையான திறமை கடைசி இரண்டு பொதுச் சீட்டுகளின்போது வெளிப்படும். அதைக் கற்க ஆண்டுக்கணக்கில் ஆகும். டோர்னமென்ட் மட்டுமே ஆடுபவருக்கு அந்தப் பயிற்சி அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

டோர்னமென்ட் என்றாலே உயிரைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உலகத் தொடரின் முதன்மைப் போட்டி 100-200 பிளைண்டில் தொடங்குகிறது. 60,000 சில்லு என்றால் 300 பிளைண்ட். பரிசு எல்லைக்கு இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேற வேண்டும். அந்த நேரத்தில் ஐசிஎம் அழுத்தம் மிகக் குறைவு. ஆழமான கேஷ் கேம் போலவே ஆடலாம், ஆடவும் வேண்டும். சிறிய ஜோடிகளோடும் ஒரே இனத்து அடுத்தடுத்த சீட்டுகளோடும் மலிவாகப் பொதுச் சீட்டுகளைப் பார்க்கத் தகுந்த நேரம் அதுதான். அங்கே பயந்து ஒடுங்கியவர், பப்பிள் வரும்போது அந்த நெருக்கடியான நடுத்தரக் குவியலோடுதான் வந்து சேருவார்.

பணப் பொறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேஷ் கேமில் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் தொகையிலிருந்து அரங்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதை ரேக் என்பார்கள். பொதுச் சீட்டு திறக்கும் முன்பே ஆட்டம் முடிந்தால் பல இடங்களில் அது கிடையாது. சின்னத் தொகைகளுக்காக அடிக்கடி ஏற்றுப் பார்க்கும் பழக்கம் லாபமில்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். டோர்னமென்ட்டில் கட்டணத்தை நுழையும்போதே வாங்கிவிடுவார்கள். ஆனால் அங்கே பரிசின் பெரும்பகுதி மேலே குவிந்திருப்பதால், திறமையான ஆட்டக்காரர்கூடத் தொடர்ந்து முப்பது நாற்பது போட்டிகளில் வெறுங்கையோடு திரும்பலாம். கேஷ் கேமுக்கு முப்பது முறை அமரும் அளவு பணம் ஒதுக்குபவர், டோர்னமென்ட்டுக்கு நூறு முறைக்கும் மேல் ஒதுக்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் வழக்கம். வீட்டுச் செலவுப் பணம் எந்தக் கணக்கிலும் இதற்குள் வரக்கூடாது. இந்தியாவில் பணம் கட்டி இணையத்தில் ஆடும் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்திய சட்டம் தடை செய்கிறது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. இங்கே படிக்கும் பலருக்கு இந்தக் கணக்கை டீ நோட்டிலோ, பணமில்லாத சில்லுகளிலோ பழகுவதுதான் வழி. அதில் ஒரு குறையும் இல்லை, கணக்கு ஒன்றுதான்.

டோர்னமென்ட் தர்க்கம் அதன் உச்சத்துக்குப் போகும் ஓர் இடம் உண்டு. பரிசாகப் பணம் தராமல், பெரிய போட்டிக்கான நுழைவுச் சீட்டைத் தரும் சிறு போட்டிகள். சாட்டிலைட் என்று பெயர். 2003இல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் இணையத்தில் 86 டாலர் சாட்டிலைட்டில் நுழைந்துதான் உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்கு வந்தார். 839 பேரில் முதலிடம் பிடித்து 25 லட்சம் டாலர் வென்றார். பத்துப் பேருக்கு நுழைவுச் சீட்டு என்றால் முதலாமவருக்கும் பத்தாமவருக்கும் ஒரே பரிசு. பதினோரு பேர் மிஞ்சியிருக்கிறார்கள், அதில் ஒருவரிடம் ஒரே ஒரு பிளைண்ட்தான் இருக்கிறது, உங்களிடம் நல்ல இருப்பு. உங்களைவிடப் பெரிய குவியல்காரர் எல்லாவற்றையும் தள்ளுகிறார். உங்கள் கையில் இரண்டு ஏஸ்கள், ஆட்டத்திலேயே சிறந்த கை, ஏறக்குறைய 85 சதவீதம் ஜெயிக்கும். கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் நுழைவுச் சீட்டு கிட்டத்தட்ட உறுதி. ஏற்றால் நூற்றுக்குப் பதினைந்து முறை அது பறிபோகும். ஜெயித்தாலோ இரண்டாவது நுழைவுச் சீட்டு ஒன்றும் தரப்போவதில்லை.

பரிசு சமமாகப் பிரியும்போது நிலைமை அப்படி. இருவர் மட்டும் மிஞ்சும்போது எல்லாம் மாறிவிடும். நம் பத்து டாலர் போட்டிக்கே திரும்புவோம். ஆளுக்குப் பத்தாயிரம் சில்லோடு இருவர். இரண்டாம் இடத்துக்கான 30 டாலர் இருவருக்குமே உறுதி. மிச்சம் 20 டாலருக்குத்தான் சண்டை. வேடிக்கை பார்த்து லாபமடைய மூன்றாமவர் யாரும் இல்லை. ஒவ்வொரு சில்லும் மறுபடி ஒரே எடை. இப்போது ஒவ்வொருவர் பங்கும் 40 டாலர். எதிராளி ஏஸ்-ராஜாவோடு எல்லாவற்றையும் தள்ள, உங்கள் கையில் அதே இரண்டு ராணிகள். ஜெயித்தால் 50, தோற்றால் 30. 57 சதவீத வாய்ப்புக்குச் சராசரி 41 டாலர் 40 சென்ட். முன்பு கவிழ்க்கச் சொன்ன அதே ராணிகளோடு இங்கே ஏற்க வேண்டும்.